பஞ்சகவ்யம் தெரிந்த கைக்கு ஹெட் போல்ட்டும் தெரியட்டும்



நம் இதழில் மண்ணைப் பற்றி எழுதுகிறோம், விதையைப் பற்றி எழுதுகிறோம், மாட்டைப் பற்றி எழுதுகிறோம். இந்த முறை நான் எழுத வந்திருப்பது மினி டிராக்டர் இஞ்சினின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நாலைந்து போல்ட்டுகளைப் பற்றி. "இயற்கை விவசாயப் பத்திரிகையில என்னய்யா ஸ்பேனர் புராணம்?" என்று நீங்க கேட்கலாம். அந்தப் போல்ட்டுகளைச் சரியாகக் கவனிக்காததால் என் காட்டில் களைக்கொல்லி இறங்க இருந்தது. மயிரிழையில் தப்பித்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பெரம்பலூர் பக்கம் எங்க பூர்வீகக் காட்டுக்கு வந்தவன் நான். ஆறு ஏக்கர் கரிசல். மானாவாரிப் பருத்தி, வரப்போரம் ஆமணக்கு. களை எடுக்க ஆள் கிடைக்காத காலம் என்பதால், ஒத்தை சிலிண்டர் டீசல் மினி டிராக்டர் ஒன்றைப் பழசாக வாங்கினேன். வரிசைக்கு வரிசை நாலடி விட்டு விதைத்தால், நடுவில் கலப்பை போட்டு ஓட்டிவிடலாம். செடியோரத்தில் மட்டும் ஆள் விட்டுக் கொத்தினால் போதும்.

கரிசல்காட்டுக்காரர்களுக்குத் தெரியும். மழை பெய்தால் சில நாள் காலை வைக்க முடியாது. பிறகு பதம் வரும். அது மூணு நாள், மிஞ்சினால் நாலு நாள். அதை விட்டால் மண் கல்லாகும், இல்லாட்டி அடுத்த மழை வந்துவிடும். பருத்திக்கு முதல் நாற்பத்தைந்து நாள் களை இல்லாமல் இருக்கணும். அந்த நாட்களில் மெஷின் நின்றால், பருவமே கைவிட்டுப் போகும்.

அந்த வருஷம் புரட்டாசியில், ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் கறுப்பாக எண்ணெய் வியர்த்திருந்தது. ஸ்டார்ட் பண்ணும்போது 'புஸ் புஸ்' என்று ஒரு சத்தம். காலையில் ஒரே சுற்றில் பிடிக்கிற வண்டி, நாலு சுற்று கேட்டது. பதம் போய்விடுமே என்ற அவசரம் எனக்கு. இஞ்சின் சூடாக இருக்கும்போதே, ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி, கசிகிற பக்கத்துப் போல்ட்டை மட்டும் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். கசிவு நின்றது. எனக்கு ஒரே பெருமை. மூணாவது நாள் ரேடியேட்டரில் தண்ணி கொப்பளித்தது, இஞ்சின் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தது. கேஸ்கெட் போய்விட்டது.

பட்டறையில் கொடுத்தேன். புது கேஸ்கெட் மாட்டினார்கள். பழைய போல்ட்டையே துடைக்காமல் போட்டு, நீளமான கம்பியால் இறுக்கினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எதுவும் கேட்கவில்லை, கேட்க எனக்கு ஒன்றும் தெரியாது. பதினோரு நாள் ஓடியது. மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை ஹெட்டே வளைந்திருந்தது. திருச்சிக்கு எடுத்துப்போய் முகம் சீவி வாங்கிவர ஒரு வாரத்துக்கு மேல் ஆச்சு. காட்டில் களை முழங்கால் உயரம்.

பக்கத்துக் காட்டுக்காரர் நல்ல மனுஷர். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். "மேனேஜரே, கூம்பு மாட்டி அடிச்சா செடியில படாது. ஒரே நாள்ல முடிஞ்சிரும். யாருக்குத் தெரியப் போவுது?"

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ரசாயனத்தை விட்டு மூணாவது வருஷம் அது. அங்ககச் சான்று விதிப்படி ஓராண்டுப் பயிருக்கு மாற்றுக் காலம் ரெண்டு வருஷம். அதைத் தாண்டி வந்திருந்தேன். ஒரு டேங்க் அடித்தால் கணக்கு மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்கணும். தாள் கணக்கைவிட, காட்டுக்குள் அப்போதுதான் தலைகாட்ட ஆரம்பித்த மண்புழு என் கண் முன்னால் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், 'அடிச்சிரலாமா' என்று நானும் நினைத்தேன். விடிந்ததும் என் வீட்டுக்காரம்மா அவங்க பிறந்த ஊருக்குப் போன் போட்டு, வேனில் பதினெட்டுப் பெண்களை வரவழைத்தார். நாலு நாள் கொத்தினார்கள். கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து இருபத்து நாலாயிரத்துச் சொச்சம். போன கேஸ்கெட்டின் விலை சில நூறு ரூபாய்.

எல்லாருக்கும் இப்படி வேன் வராது. பல பேர் இயற்கை விவசாயத்தை விட்டுப் போனது கொள்கை மாறி அல்ல, களை எடுக்கிற நேரத்தில் கை ஒடிந்துதான். நமக்கு அந்தக் கை இன்றைக்கு வீடரும் டில்லரும் மினி டிராக்டரும். அதனால் இஞ்சின் பராமரிப்பும் இயற்கை விவசாயத்தின் ஒரு பாடம்தான் என்பது என் கருத்து. அந்தப் பாடத்தை நாம் இதுவரை நடத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்க உறவில் ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. வாத்தியார் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். வங்கிக்காரனுக்குக் கணக்காகச் சொன்னால்தான் ஏறும் என்று அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். பிஸ்டன் விட்டம் 80 மில்லிமீட்டர் என்றால், அதன் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். டீசல் எரிகிற நொடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், ஹெட்டை மேலே தள்ளும் விசை 3,500 கிலோ. அதாவது மூன்றரை டன். இஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடினால் அந்த அடி 1,000 தடவை விழும். மணிக்கு 60,000 தடவை. அத்தனையையும் தாங்குவது அந்த நாலைந்து போல்ட்டுகள்.

எப்படித் தாங்குகிறது? போல்ட்டை முறுக்கும்போது அது மயிரிழை அளவு நீளுகிறது. நீண்ட இரும்பு பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் ஹெட்டைக் கீழே அமுக்கிப் பிடிக்கிறது. குறைவாக முறுக்கினால் இழுப்புப் போதாது, கேஸ்கெட் வழியே நெருப்பும் தண்ணியும் ஒன்றுக்குள் ஒன்று போகும். அளவுக்கு மேல் முறுக்கினால் போல்ட் நைந்த ரப்பர் பேண்டு மாதிரி ஆகிவிடும். நீளும், திரும்பச் சுருங்காது. இல்லாவிட்டால் பிளாக்கில் மரை போய்விடும். நம்ம ஊரில் புத்தி பிசகியவனை 'மரை கழண்டவன்' என்று சும்மா சொல்லவில்லை. மரை போனால் பிறகு எதுவும் பிடிக்காது.

சரி, எவ்வளவு முறுக்கணும்? அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இஞ்சினுக்கும் ஒரு அளவு கொடுத்திருக்கும். அதை கிலோ-மீட்டரிலோ நியூட்டன்-மீட்டரிலோ சொல்வார்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிலோ எடை தொங்கினால் என்ன முறுக்கு விசையோ, அது ஒரு கிலோ-மீட்டர். நியூட்டன்-மீட்டரில் 9.8. ஒரு அடி ஸ்பேனரை 20 கிலோ பலத்தில் இழுத்தால் சுமார் 6 கிலோ-மீட்டர். அதிலேயே பைப்பைச் செருகி ரெண்டடி ஆக்கினால் 12. நான் செய்தது அதுதான். கைக்கு ஒரே பலம், போல்ட்டுக்கு ரெட்டைச் சுமை. கைக்குத் தெரியாத இந்த வித்தியாசத்தை அளந்து சொல்லும் கருவிதான் டார்க் ரெஞ்ச். அளவை வைத்துவிட்டு இழுத்தால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும்.

வாத்தியார் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியம். நாம் போடும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு உரசலிலேயே போய்விடுகிறது. போல்ட் தலைக்கு அடியில் பாதி, மரையில் மீதி. பத்தில் ஒரு பங்குதான் ஹெட்டை அமுக்குகிறது. மரையில் துருவும் கரியும் இருந்தால் அந்த ஒரு பங்கிலும் கை வைக்கும். ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும், போல்ட் இறுகியிருக்காது. என் வண்டியில் பட்டறையில் மாட்டிய போல்ட்டுகளை அவர் காட்டினார். மரை முழுக்கத் துரு, ஒன்றுக்குக் கழுத்து மெலிந்திருந்தது.

அவரிடம் கற்றதையும், அதன் பிறகு செய்து பார்த்ததையும் வைத்து, நாம் எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

1. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ஹெட் போல்ட்டில் கை வைக்கணும். ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் தொடுவது நல்லது. வண்டியோடு வந்த புத்தகம் வேறு மாதிரி சொன்னால், புத்தகம்தான் சட்டம்.

2. இறுக்குவது குறுக்கு மறுக்காக. கயிற்றுக் கட்டில் கட்டியவர்களுக்கு இது புரியும். ஒரு பக்கத்தையே இழுத்தால் கட்டில் கோணிக்கொள்ளும். நாலு போல்ட் என்றால் எதிரெதிர் மூலை. ரெண்டு மூணு சிலிண்டர் வண்டி என்றால் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போகணும். கழற்றும்போது ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வரணும். ஒரே மூச்சில் முழு அளவு போடக் கூடாது. மூணில் ஒரு பங்கு, பிறகு ரெண்டு பங்கு, பிறகு முழுசு என்று மூணு சுற்று.

3. மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் பண்ணி, கையால் திருகினால் சுலபமாக இறங்குகிறதா என்று பார்க்கணும். பாதியில் மக்கர் பண்ணினால் ஸ்பேனர் போடாதீங்க, காரணத்தைத் தேடுங்க.

4. பிளாக்கில் இருக்கும் போல்ட் குழிக்குள் தண்ணியோ ஆயிலோ தங்கக் கூடாது. திரவம் அமுங்காது. அடியில் சிக்கிக்கொண்ட ஆயில், போல்ட் இறங்கும்போது பிளாக்கையே விரிசல் விட வைக்கும். காற்றடித்து வெளியேற்றுங்க. கண்ணைக் காத்துக்கோங்க.

5. மரைக்கு எண்ணெய் தொடலாமா என்பதைப் புத்தகத்தில் பாருங்க. காய்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் தொட்ட மரைக்குப் போட்டால் இறுக்கம் அதிகமாகிவிடும்.

6. போல்ட் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். அது அதன் பலம். அதே எண், அதே நீளம் உள்ளதைத்தான் போடணும். நட்டு போல்ட் கடையில் அளவு பார்த்து ஏதோ ஒன்றை வாங்கி ஹெட்டில் மாட்டாதீங்க. சில இஞ்சின்களில் ஹெட் போல்ட்டை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம், அதையும் புத்தகம் சொல்லும். கழற்றும்போது ஒரு அட்டையில் ஓட்டை போட்டு, எந்தக் குழி போல்ட் எது என்று வரிசையாகச் செருகி வையுங்க.

7. கழற்றிய கேஸ்கெட்டைத் திரும்ப மாட்டாதீங்க. ஹெட்டின் முகம் சமமாக இருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் பார்த்த பிறகே மாட்டணும்.

8. இறுக்கி முடித்ததும் டாப்பெட் இடைவெளியைச் சரிபார்க்கணும். ஹெட் கொஞ்சம் அமுங்கினாலும் அது மாறும். புது கேஸ்கெட் போட்டு முதல் சில மணி நேரம் ஓடியபின் மறுபடி இறுக்கச் சொல்லியிருந்தால் தவறாமல் செய்யுங்க. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தொடாதீங்க. மாசா மாசம் சும்மா ஒரு இறுக்கு இறுக்குவது பராமரிப்பு ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. நல்ல ஹெட் போல்ட்டையும் கேஸ்கெட்டையும் கொல்வது சூடு. என் ரேடியேட்டர் முகத்தில் தூசும் சருகும் பருத்திப் பஞ்சும் அடைத்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. முதல் தப்பு அதுதான். காற்றில் குளிரும் சின்ன வீடர் இஞ்சினில் சிலிண்டரைச் சுற்றி இருக்கும் தகடுகளுக்கு நடுவே வைக்கோலும் மண்ணும் அடைத்தால் அதே கதிதான். தினமும் வண்டி எடுக்கும் முன் ரெண்டு நிமிஷம் இதற்குக் கொடுங்க. அதே நேரத்தில் ஹெட் சேரும் இடத்தையும் பாருங்க. வியர்வை தெரிந்து சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணி தடவி ஓட்டிப் பாருங்க, கசிந்தால் குமிழி விடும்.

வங்கியில் இருந்தபோது நான் எத்தனையோ டிராக்டர் கடன், டில்லர் கடன் போட்டிருக்கிறேன். கொட்டேஷன் கேட்போம், பட்டா சிட்டா கேட்போம், மார்ஜின் கேட்போம். 'இந்த மெஷினை யார் பராமரிக்கப் போறாங்க, தெரியுமா?' என்று ஒருத்தரிடமும் நான் கேட்டதில்லை. விண்ணப்பத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. தவணை தவறிய வீட்டுக்குப் போனால், தார்ப்பாய் போர்த்தி வேப்பமரத்தடியில் வண்டி நிற்கும். "ரிப்பேர் சார்" என்பார்கள். குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டு திரும்புவேன். அது என் குற்றமும்தான் என்று இப்போது தோன்றுகிறது. குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன், ரெண்டு பருவம் தவணை தவறினால்தான் வாராக்கடன் கணக்கில் போகும். ரிசர்வ் வங்கி அவ்வளவு பொறுக்கும். கசிகிற கேஸ்கெட் ஒரு வாரம் பொறுக்காது.

அரசாங்கமும் மெஷின் வாங்கக் கொடுக்கிறது. 2014-15ல் ஆரம்பித்த வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 50 சதவீதம் வரைக்கும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரைக்கும் மானியம் உண்டு. நல்ல விஷயம். வாங்க வரிசையில் நிற்கும் நாம், வாங்கிய பிறகு கற்றுக்கொள்ளவும் ஒரு நாள் வரிசையில் நிற்கணும்.

இதற்கு ரெண்டு மறுப்பு வரும் என்று தெரியும். ஒன்று, "மெஷினே வேண்டாம், மாடு போதும்" என்பது. மாடு கட்டி உழுகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. என் வயசில், ஆள் இல்லாத வீட்டில், ஒரு ஜோடி உழவு மாட்டைக் காப்பாற்ற எனக்குத் தெம்பு இல்லை. என்னைப் போல மெஷினுக்கு வந்தவர்கள் நம்மில் அதிகம். மெஷினை வைத்துக்கொண்டு அதைப் பாராமல் விடுவது ரெண்டும்கெட்டான் நிலைமை. கசிகிற இஞ்சினால் டீசலும் வீண், ஆயிலும் மண்ணில். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் கிளைக்கால் இருந்தால் அது இனிப்பாக இருக்கும், விஷம். ஒழுகிக் கிடப்பதை மாடோ நாயோ நக்கினால் உயிர் போகும்.

ரெண்டாவது மறுப்பு மெக்கானிக் தம்பிகளிடம் இருந்து வரும். "சார், இருபது வருஷமா கையாலதான் இறுக்கறேன். என் கைதான் டார்க் ரெஞ்ச்." அந்தக் கையை நான் மதிக்கிறேன். சத்தம் கேட்டே நோய் சொல்லும் மெக்கானிக்குகள் நம்ம ஊரில் இருக்கிறார்கள். ஆனால் அதே கை காலையில் ஒரு பலம், சாயங்காலம் ஒரு பலம். வங்கியில் முப்பது வருஷம் பணம் எண்ணிய கேஷியரும் கட்டை மெஷினில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பார். அதில் அவருக்கு அவமானம் எதுவும் இல்லை.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் நம் இயற்கை உழவர் குழு ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு நேர்ச்சட்டம் வாங்கிப் பொதுவில் வைக்கணும். எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்தான். பத்துப் பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு மூட்டைப் பிண்ணாக்கு விலைகூட வராது. ரெஞ்சைப் பயன்படுத்தியதும் அதன் அளவைக் கீழே இறக்கி வைக்கணும், அதில் பைப் செருகக் கூடாது, போல்ட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது. இந்த மூணு விதியையும் பெட்டி மேலே எழுதி ஒட்டுங்க.

அவரவர் வண்டியின் முறுக்கு அளவு, இறுக்கும் வரிசை, டாப்பெட் இடைவெளி மூணையும் புத்தகத்தில் பார்த்து, பானெட்டின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வையுங்க. புத்தகம் தொலையும், பானெட் தொலையாது. பழைய வண்டி வாங்கியவர்கள் டீலரிடம் விடாமல் கேட்டு வாங்குங்க. ஒரு நோட்டுப் போட்டு எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன செய்தோம், யார் செய்தார் என்று தேதியோடு எழுதுங்க.

நம் மாதக் கூட்டத்தில் ஒரு தடவை அமிர்தக்கரைசலுக்குப் பதிலாக ஒரு இஞ்சினை நடுவில் வையுங்க. ஊர் மெக்கானிக் தம்பியை ஆசிரியராகக் கூப்பிட்டு, சால்வை போட்டு, சன்மானமும் கொடுங்க. அவர் கையும் நம் ரெஞ்சும் ஒன்று சேரட்டும். பெண்களையும் பிள்ளைகளையும் முன்வரிசையில் உட்கார வையுங்க. எங்க வீட்டில் இப்போது நோட்டு எழுதுவதும், காலையில் ரேடியேட்டர் பார்ப்பதும் என் வீட்டுக்காரம்மாதான்.

இடுபொருளுக்குக் கடைக்காரனை நம்பியிருக்கக் கூடாது என்றுதானே ரசாயனத்தை விட்டோம்? ஒரு போல்ட்டுக்காகப் பருவத்தைப் பட்டறை வாசலில் காக்க வைப்பதும் அதே அடிமைத்தனம்தான். எல்லா வேலையையும் நாமே செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று "தம்பி, மரையைத் துடைச்சீங்களா? எத்தனை கிலோ வச்சிருக்கீங்க?" என்று கேட்கும் அளவுக்காவது தெரிந்திருக்கணும். அன்றைக்கு எனக்கு அந்த ரெண்டு கேள்வி தெரிந்திருந்தால் பதினெட்டுப் பேர் வேன் ஏறி வந்திருக்க வேண்டாம்.

போன புரட்டாசியில் பதம் வந்த அன்று வண்டி ஒரே சுற்றில் பிடித்தது. மூணு நாளில் ஆறு ஏக்கரும் முடிந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "அந்த டிக் டிக் ஸ்பேனரை நாளைக்கு எனக்குக் கொஞ்சம் குடுங்க மேனேஜரே" என்றார். கொடுத்தேன். கூடவே நானும் போனேன், அவர் பைப் எதையும் செருகிவிடக் கூடாதே என்று.